பழைய உருண்டையில் பிழை இல்லை

மயூரன்,

நீ லீல் நகரில் சுகமாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் அப்பா சொல்கிறார். நான் நம்பவில்லை. தொலைபேசியில் உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிற குரல்களைத்தான் நான் இரண்டாம் முறை கேட்டுப் பார்ப்பேன், உனக்குத் தெரியும். இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படித்த தமிழ் இதற்குப் போதும். பிரெஞ்சில் நான் எழுதிப் பழகியதெல்லாம் வேலையிடத்து அறிக்கைகள். தவறு யாருடையது என்று சொல்லாமலே ஒரு முழுப் பக்கம் எழுத அந்த அறிக்கைகளில் பழகிவிட்டேன். இன்றைக்கு அந்தப் பழக்கம் எனக்கு வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய்: "அம்மா, புதுத் தாங்கி ஒண்டு வாங்கப் போறன். இனி தனியத்தான் பியர் காய்ச்சுறது. கழுவுறதுக்கு எந்த நொசில் நல்லம்? இந்த முறை ஒருத்தரையும் நம்பேலாது." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே பதில் சொல்லாததற்கு நீ ஆச்சரியப்பட்டிருப்பாய். பொபினியில் அந்தப் பெரிய சமையற்கூடத்தில் என் வேலையே அதுதானே. மற்றவர்கள் கழுவி முடித்த அண்டாக்களையும் தாங்கிகளையும் கழுவவில்லை என்றே நினைத்துக்கொண்டு பார்ப்பது. பளபளப்பை நம்பாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வேன். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். உன் சட்டைப் பைகளை, உன் சிநேகிதர்களை, உன் 'ஒண்டுமில்லை அம்மா'க்களை எல்லாம் அதே கண்ணால் பார்த்தேன். யோசித்த பதில் இதோ. முதலில் தாங்கிக்குள் தண்ணீர் பீச்சுகிற அந்த நொசிலைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குச் சுலபம். ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசி. நீ பாதியில் விட்டுவிடுவாய் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

நொசில் வாங்குகிறவர்கள் எல்லாரும் நொசிலைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பம்ப். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று வாளி வைத்து, கடிகாரம் பார்த்து அள. தரையில் வைத்து அளந்தால் பம்ப் உனக்குப் பொய் சொல்லும். குழாயைத் தாங்கியின் மூடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அளந்தால்தான் உண்மை தெரியும். அந்தத் தண்ணீருக்கு எந்த நொசில் பொருந்தும் என்பது அடுத்த கேள்வி. அசையாத உருண்டை இருக்கிறதே, சுற்றிவரச் சின்னத் துளைகள் போட்டது, நீங்கள் முதலில் வாங்கியது, அது ஒரு எளிய சாமான். உள்ளே அசைவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் பழுதாகவும் ஒன்றும் இல்லை. தண்ணீர் கூரையில் பட்டு, சுவரெல்லாம் ஒரு விரிப்புப் போல இறங்கும். சுழல்கிற நொசில் குறைந்த தண்ணீரிலும் ஓங்கி அடிக்கும். ஆனால் பியரில் போடுகிற ஹொப் பூவின் ஒரு துகள் அச்சில் சிக்கினால் போதும், நின்றுவிடும். மூடிய தாங்கிக்குள் அது நிற்கிறதா சுழல்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, காதை வைத்துக் கேட்க வேண்டும். பெரிய துளை உள்ள உருண்டை அடைபடாது என்பது உண்மை. ஆனால் சின்னப் பம்பில் அதைப் பூட்டினால் தண்ணீர் பாயாது, ஒழுகும். கடைக்காரர் போடுகிற படத்தில் எல்லா நொசிலும் எல்லாப் பக்கமும் அடிக்கும். அந்தப் படத்தை நம்பாதே.

இன்னும் இரண்டு விஷயம். அடியில் உள்ள வால்வு தண்ணீர் வருகிற வேகத்துக்கு வெளியே விடாவிட்டால், அடியில் குளம் கட்டி, அந்தக் குளத்துக்குக் கீழே ஒன்றும் கழுவப்படாது. வெப்பமானிக்காக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குப் பின்னால் ஒரு நிழல் விழும். வெளிச்சத்துக்கு நிழல் இருப்பது போலத் தண்ணீருக்கும் நிழல் உண்டு. அங்கேதான் அழுக்கு ஒளித்திருக்கும். தாங்கியைப் பாதியில் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுக் கழுவு.

இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவளாக இருந்துகொண்டுதான் உனக்கு நான் பிழையான நொசிலை வாங்கச் சொன்னேன்.

நீயும் உன் சிநேகிதன் யூட்டும் முதல் முறை காய்ச்சியது நினைவிருக்கிறதா? லா சப்பல் வீதி முழுக்கப் பார்க்க, அந்த எவர்சில்வர் தாங்கியைச் சக்கர வண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தீர்கள். யூட், ஸ்தேனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் பம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். குசினியில் நீ கொதிக்க வைத்தாய், அவன் கழுவினான். கழுவி முடித்தபின் கைவிளக்கை உள்ளே விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நான் வேலையில் பார்ப்பது போலவே பார்க்கிறானே என்று நினைத்தேன். அந்தப் பியர் நன்றாக வந்தது. உன் அப்பா இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, "கடையில வாங்குறதை விடத் திறம்" என்று தான் வேலை செய்கிற ரெஸ்தோரான் முழுக்கச் சொல்லித் திரிந்தார். முதல் முறை பழைய உருண்டையால் கழுவி, யூட் கையால் கழுவி, பியர் நன்றாக வந்தது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் மட்டும் மறக்கவில்லை. மறந்தது போல் இருந்தேன்.

அந்தக் கிழமை மரக்கறிக் கடை ராணி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா.

"பிள்ளை, உம்மட மகன் பெரிய தாங்கி ஒண்டு உருட்டிக்கொண்டு போனவர். என்ன, கலியாண வீட்டுச் சமையலே?"

"இல்லை அக்கா. பியர் காய்ச்சுறாராம்."

"பியரோ?" என்று கத்தரிக்காயை நிறுப்பதை நிறுத்தினா. "ஓம், ஓம். முதல்ல எல்லாரும் பியர் எண்டுதான் சொல்லுறவை. பிறகுதான் கசிப்பு." சொல்லிவிட்டு என் பையில் ஒரு பிடி கறிவேப்பிலையை இலவசமாக வைத்தா. செத்த வீட்டுக்குக் கொடுப்பது போலக் கொடுத்தா.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "பியர்தானே காய்ச்சுறான், குண்டே செய்யிறான்?" என்றார். "நான் ஒரு கண் வைச்சிருக்கிறன்" என்றேன். "ஏன் ஒண்டு? உமக்கு ரெண்டும் அங்கைதானே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஆனால் மயூரன், கள்ளச் சாராயத்துக்கு ராணி அக்கா சொன்ன அந்த ஒரு சொல் போதும், என் தலைக்குள் மீதியை நானே காய்ச்சிவிடுவேன். நீ வாங்கி வைத்த வெள்ளைத் தூள் பைக்கற்றைப் பார்த்தேன். கழுவுகிற தூள் என்று எழுதியிருந்தது. நான் வேலையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிற தூள்தான். இருந்தும் பிரித்து மணந்தேன். அடுத்த முறை நீங்கள் காய்ச்சித் தாங்கியைக் கட்டடத்துக்குக் கீழே எங்கள் காவில், அந்த நிலவறையில், கொண்டுபோய் வைத்தபோது, அதன் பூட்டுக்குத் திறப்பு ஒன்று என்னிடமும் இருந்தது. தோசைக்கு மா கலக்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று மனம் கீழே போகும். கையில் இருக்கிற சிரட்டை அகப்பையைக் குழாயில் காட்டி ஒரு உதறு உதறிவிட்டு, சால்வைக்குள் மறைத்துக்கொண்டு இறங்குவேன். காவின் பூட்டைத் திறந்து, தாங்கியின் மூடியைத் தூக்கி, ஒரு அகப்பை மொண்டு மணப்பேன். நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பேன். கசிப்பு இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, மிச்சத்தை உள்ளேயே ஊற்றிவிட்டு மேலே வருவேன். இரண்டு நாள் போனதும் நிச்சயம் கரைந்துவிடும். திரும்பவும் இறங்குவேன்.

சமையற்கூடத்தில் யாராவது மர அகப்பையோடு உள்ளே வந்தால் நான் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்புவேன். மரத்திலும் சிரட்டையிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும், என்ன கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது என்று நானே வகுப்பு எடுப்பேன். எத்தனையோ வருடத் தோசை மா குடித்த அகப்பை அது. ஒரு இரவில் ஒரு சட்டி மாவைப் பொங்க வைக்கிறது அதில் ஒட்டியிருக்கிற புளிப்பு. அதைக் கொண்டுபோய் உன் பியருக்குள் விட்டேன். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் எடுத்தவள் செய்த வேலை இது.

அந்தப் பியர் புளித்தது. தாங்கி சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்து நீ சுழல்கிற நொசில் வாங்கினாய். ஏன் புளித்தது என்று எனக்கும் அப்போது உண்மையாகவே விளங்கவில்லை. அதற்கடுத்த முறையும் இறங்கினேன், அதுவும் புளித்தது. நீ ஒரு கிளாசை என் மூக்குக்குக் கீழே நீட்டினாய். "மணந்து பாருங்கோ அம்மா. அப்பிடியே உங்கட தோசை மா." நீ சிரித்தாய், அப்பா சிரித்தார். யூட் சிரிக்கவில்லை. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று எழுதத்தான் பேனை போகிறது, ஆனால் தெரிந்தது.

அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். நீ ஒரு கிழமை கோபித்திருப்பாய், அவ்வளவுதான். சொல்லவில்லை. நான் உன் பொருளைத் திறந்து பார்க்கிறவள் என்று உனக்குத் தெரியவந்தால், பதினைந்து வயதில் உன் பையைத் திறந்தது, பதினெட்டில் உன் தொலைபேசியைப் பார்த்தது எல்லாம் திரும்ப எழும்பும் என்று பயந்தேன். இரண்டையும் நான் செய்யவில்லை என்று அப்போது சொன்னேன். செய்தேன். பயத்தில் நான் நிபுணியாகிவிட்டேன். "துளை சின்னன், அதுதான் அடைபடுது. பெரிய துளை உள்ள உருண்டையா வாங்கு" என்றேன். பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கவனம் நொசிலில் இருந்தால் போதும் என்று இருந்தது. அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னேன். நீ சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். "யூட் ஒழுங்காத்தான் கழுவுறானோ எண்டும் ஒருக்காப் பார்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னதாக உனக்கு நினைவு இல்லாமல் இருக்கலாம். இப்போது நீ அதை உன் சொந்த எண்ணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் வாக்கியம்.

நான்காம் முறை நான் காவுக்கு இறங்கவே இல்லை. ஆனால் பெரிய உருண்டைக்கு உங்கள் பம்ப் போதாது. மேல் வளையத்தில் முந்திய புளிப்பு காய்ந்து ஒட்டிக்கொண்டு இருந்தது. அதுவும் புளித்தது. அன்றைக்குக் குசினியில் நடந்ததை நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

"பழைய உருண்டையே போதும்டா," என்றான் யூட். "மூடிக்குத்தான் ஒரு பூட்டுப் போட வேணும்."

"பூட்டுப் போட்டாப் புளிக்காதோ? கழுவப் பஞ்சியெண்டாச் சொல்லு."

"எனக்கென்ன பஞ்சி? ஒவ்வொரு முறையும் தேய்ச்சுத்தானே கழுவுறன்."

"அப்ப ஏன் மூண்டு முறை புளிச்சது? காய்ச்சுறது நான். கழுவுறது ஆர்?"

யூட் என் பக்கம் ஒருமுறை பார்த்தான். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். "சரி, என்ர பிழை எண்டு வைச்சுக்கொள்ளன்" என்றான். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, "போட்டு வாறன் அன்ரி" என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போனான். கதவு மூடியதும் நீ சொன்னாய்: "அவன்ர கலியாணத்துக்கு வேற தெமுவானைப் பாக்கட்டும்." மெரியில், அந்த நகரசபைக் கட்டடத்தில், அவனுக்குப் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட அவன் கேட்ட முதல் ஆள் நீ. அவன் கேட்ட நாளில் நீ வீட்டுக்கு வந்து மூன்று தரம் சொன்னாய், ஏதோ உனக்கே கலியாணம் போல. வேண்டாம் என்று ஒரே தரம் சொல்லி முடித்துவிட்டாய்.

நீ லீலுக்குப் போன பிறகு தாங்கி கீழேயே கிடந்தது. நீ நொசிலைப் பற்றிக் கேட்ட பிறகு, எனக்கு வேலை இல்லாத ஒரு நாள், காலையில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு காவுக்குப் போய் அதைக் குளியலறைக்குத் தூக்கி வந்தோம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, தாங்கியின் உட்சுவர் முழுக்க, மூடி, வெப்பமானிக் குழாயின் முதுகு எல்லாம் பூசி, காய விட்டேன். "தாங்கிக்கு என்ன, சாமத்தியச் சடங்கே?" என்றார் அப்பா. பெரிய உருண்டையைப் பூட்டிப் பம்பைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கைவிளக்கை விட்டுப் பார்த்தால், மேலே ஒரு விரற்கடை அகலத்துக்கு மஞ்சள் வளையம், குழாய்க்குப் பின்னால் ஒரு நீளக் கோடு. நான் வாங்கச் சொன்ன நொசில். கையால் தேய்த்துத் துடைத்து, திரும்பப் பூசி, காய வைத்து, பழைய சின்ன உருண்டையைப் பூட்டினேன். அதே பம்ப், அதே பத்து நிமிடம், பாதியில் ஒரு தரம் திருப்பி வைத்தேன், யூட் திருப்பி வைப்பது போல. வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் துடைத்தேன். அப்பா குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "இப்ப ஆரைப் பிடிச்சிட்டீர்?" நான் துணியை மடித்து வைத்தேன். அவர் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் ஸ்தேனுக்குப் போனேன். யூட் கட்டட வாசலுக்கு இறங்கி வந்தான். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். அகப்பை, காவ், பெரிய உருண்டை, வாசலில் உனக்குச் சொன்ன வாக்கியம், எல்லாம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தெரியும் அன்ரி."

"என்ன தெரியும்?"

"மூண்டாம் முறை கழுவேக்கை மூடியின்ர ரப்பர் வளையத்துக்கை காஞ்ச மா ஒட்டியிருந்தது. அரைபடாத வெந்தயம் ஒண்டும் கிடந்தது." கொஞ்சம் சிரித்தான். "நாங்கள் பியருக்கு வெந்தயம் போடுறேல்லை."

"ஏன்டா சொல்லேல்லை?"

"சொன்னா உங்களோட கதைக்க மாட்டான். அவன்ர குணம் தெரியும்தானே. என்னோட கோவிச்சா ஒரு மாதத்தில வருவான் எண்டு நினைச்சன்." சாவிக்கொத்தை விரலில் சுற்றினான். "இப்ப மூண்டாவது மாதம்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவன் என்னை வெட்கப்படுத்தத்தான் இப்படிச் சொல்கிறான், இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று தரிப்பிடம் அப்படியே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருவன் எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான், அதற்குள்ளும் நான் கைவிளக்கை விட்டு அழுக்குத் தேடுகிறேன். வேலையில் இந்தக் கண்ணுக்குச் சம்பளம் தருகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க இது உதவாது என்பது எனக்கு நாற்பத்தேழு வயதில், பஸ்ஸில், உன் சிநேகிதனைச் சந்தேகித்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது. இந்தக் கண் உனக்கும் வந்துவிட்டதோ என்பதுதான் என் பயம். 'ஒருத்தரையும் நம்பேலாது' என்று நீ சொன்னபோது என் குரலைத்தான் கேட்டேன். சாமானைச் சந்தேகப்படு. பம்பை, வால்வை, கடைக்காரரின் படத்தை, உன் தாயை. ஆனால் ஒரு ஆளைச் சந்தேகிக்க முன், முதல் முறை நன்றாக வந்ததற்கும் இரண்டாம் முறை கெட்டதற்கும் இடையில் என்ன மாறியது என்று கேள். யூட் மாறவில்லை. நொசில் மாறவில்லை. காவுக்குள் நான் வந்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: புது நொசில் வாங்காதே. பழைய உருண்டையைத் துணியில் சுற்றி இந்தப் பொதியில் வைத்திருக்கிறேன், கூட ஒரு பைக்கற் மஞ்சள்தூளும் இருக்கிறது. நான் சொல்கிறேன் என்று நம்பாதே, நீயே பூசிப் பார். அகப்பையை நான் எறியவில்லை. தோசை மாவுக்கு அது நல்ல அகப்பை, குசினியை விட்டு வெளியே போகாமல் இருந்தால் சரி.

என்னோடு நீ கோபித்துக்கொள்வாய். அது நீ யூட்டின் மேல் காட்டிய கோபம், உரிய இடத்துக்கு இப்போதுதான் வருகிறது. எத்தனை மாதம் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ கதைக்காத நாட்களில் அப்பாவிடம் விசாரித்துக்கொள்கிறேன். அவர் சொல்வதை நம்பவும் முயற்சி செய்கிறேன்.

ஸ்தேனிலிருந்து கிளம்புமுன் யூட்டிடம் கேட்டேன், தெமுவானாக இப்போது யாரைப் போட்டிருக்கிறாய் என்று. "பேர் மாத்தேல்லை அன்ரி" என்றான். "மெரியில குடுத்த தாளில அவன்தான் கிடக்கிறான்." பிறகு நான் கைப்பையைத் திறந்து காவின் திறப்பை அவனிடம் கொடுத்தேன். வேறு திறப்பு என்னிடம் இல்லை. உன்னுடையது உன்னிடம் இருக்கிறது. தாங்கியைக் கழுவிக் காயவைத்து, அப்பாவும் நானும் திரும்பக் கீழே வைத்துவிட்டோம்.

ஒரு பியர் ஆவதற்கு நாலு கிழமை வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். யூட்டின் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

அம்மா